உஷார்! லோகோ இருந்தால் செய்தி ஆகிவிடாது

அம்மாக்களே, அக்கா தங்கைகளே, அறந்தாங்கியிலும் ஆலங்குடியிலும் இருந்துகொண்டு துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, கையில் போனோடு காத்திருக்கும் பெற்றவர்களே! இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள்.

டி.வி. லோகோ இருக்கிறது. சிவப்புப் பட்டையில் 'பிரேக்கிங் நியூஸ்' ஓடுகிறது. மைக் பிடித்தவர் மூச்சு வாங்கப் பேசுகிறார். பக்கத்தில் தலையில் கட்டுப் போட்ட ஒருவர் அழுகிறார். இவ்வளவும் இருந்தால் நிஜமாகத்தானே இருக்கும் என்று நினைக்கிறீர்கள்.

இல்லை. இவ்வளவும் இருந்தும் அது முழுப் பொய்யாக இருக்கலாம்!

வீடு வாடகைக்கு எடுத்து, ஆளைக் கூட்டிவந்து, நெற்றியில் துணியைச் சுற்றி, வசனம் சொல்லிக்கொடுத்து எடுக்கிறார்கள். செய்தியாளர் என்று தங்களைச் சொல்லிக்கொள்பவர்களே எடுக்கிறார்கள். சும்மா பயமுறுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். எல்லாம் நடந்தவை.

முதலில் ஒரு டீச்சருக்கு நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். அந்த அம்மா பட்டது போதும்.

டெல்லியில் ஓர் அரசுப் பெண்கள் பள்ளியில் அவர் கணக்கு டீச்சர். 2007 ஆகஸ்ட் 30-ஆம் தேதி 'லைவ் இந்தியா' என்ற இந்திச் சேனல் ஒரு ரகசியக் கேமரா வீடியோவை ஒளிபரப்பியது. இந்த டீச்சர் தன்னிடம் படிக்கும் பெண் பிள்ளைகளைப் பாலியல் தொழிலுக்கு அனுப்புகிறார் என்றது. ஆதாரமாக 'மாணவி' ஒருத்தியையும் காட்டியது.

பெற்ற வயிறு பதறாமல் இருக்குமா? பள்ளிக்கூட வாசலில் கூட்டம் திரண்டது. டீச்சரை இழுத்து அடித்தார்கள். உடுத்தியிருந்த துணியைக் கிழித்தார்கள். போலீஸ் இருக்கும்போதே அது நடந்தது. கைது செய்யப்பட்டதும் அவர்தான். வேலையும் போனது.

அதன் பிறகுதான் விசாரித்தார்கள். அந்த 'மாணவி' அந்தப் பள்ளியில் படிக்கவே இல்லை. பத்திரிகைத் துறைக்கு வர ஆசைப்பட்ட ஓர் இளம்பெண். நடிக்க வைத்திருக்கிறார்கள். டீச்சரோடு பணத் தகராறு இருந்த ஓர் ஆள் பின்னால் இருந்திருக்கிறார். நிருபர் கைதானார். அந்தச் சேனல் ஒரு மாதம் ஒளிபரப்பக் கூடாது என்று மத்திய அரசு உத்தரவு போட்டது.

ஒரு மாதம். அது முடிந்ததும் சேனல் மறுபடி வந்துவிட்டது. நடுத்தெருவில் அந்த அம்மா இழந்தது எந்த உத்தரவில் திரும்பி வரும்?

ஒன்றை நன்றாக மனதில் வையுங்கள். அன்று அவர் மேல் கை ஓங்கிய எல்லாரும் ரௌடிகள் இல்லை. பிள்ளைகளைப் படிக்க அனுப்பிய குடும்பத்துக்காரர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். டி.வி.யை நம்பினார்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்த தப்பு. நீங்களும் நானும் அந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம்? நினைத்தாலே எனக்குக் கை நடுங்குகிறது.

'அது எங்கோ டெல்லியில், அதுவும் அந்தக் காலத்தில்' என்கிறீர்களா?

நம் தமிழ்நாட்டின் பெயரை வைத்தே செய்தார்கள். 2023 மார்ச் மாதம். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள், தூக்கில் தொங்கவிடுகிறார்கள் என்று வடநாடு முழுக்கச் செய்தி பரவியது. பன்னிரண்டு பேர் செத்தார்கள் என்றார்கள், பதினைந்து என்றார்கள். பெரிய நாளிதழ்கூட அச்சடித்தது. ராஜஸ்தானில் நடந்த கொலை வீடியோவைத் தமிழ்நாடு என்று காட்டினார்கள். எங்கோ இரண்டு பேருக்குள் நடந்த சண்டையை இனக் கலவரம் என்றார்கள். அதற்கும் மேலே போய், பாட்னாவில் ஒரு வாடகை வீட்டிலேயே வீடியோ எடுத்தார்கள். காயம்பட்டவர்களாக ஆட்களைக் கட்டுப்போட்டு உட்காரவைத்து, தமிழ்நாட்டில் அடிவாங்கித் தப்பி வந்தவர்கள் என்று காட்டினார்கள். இதைக் கண்டுபிடித்துச் சொன்னது பீகார் போலீஸ்தான்.

அப்போது தமிழ்நாட்டு டி.ஜி.பி.யாக இருந்த சைலேந்திரபாபு, 'இது பொய்' என்று வீடியோவில் வந்து சொன்னார். பீகார் அரசே ஒரு குழுவை இங்கே அனுப்பிப் பார்த்தது. கொலையும் இல்லை, தூக்கும் இல்லை. வீடியோவைப் பரப்பிய யூடியூபர் ஒருவர் பீகாரில் சரணடைந்தார். அவரைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்து சிறையில் வைத்தார்கள். தேசிய பாதுகாப்புச் சட்டமும் போட்டார்கள். அந்தச் சட்டம் போட்டதைப் பிறகு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ரத்து செய்தது.

ஆனால் அதற்குள் என்ன ஆனது? ஹோலிக்கு ஊருக்குப் போனவர்களோடு பயந்து ஓடியவர்களும் ரயிலேறினார்கள். அங்கே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தாய் போனைக் காதில் வைத்துக்கொண்டு, 'வந்துடுப்பா, கூலி போனா போகட்டும்' என்று கதறியிருப்பாள். இதை நம்மைவிட நன்றாக யார் புரிந்துகொள்ள முடியும்? நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் குவைத்திலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள்! நாளைக்கே 'அந்த நாட்டில் தமிழர்களை வெட்டுகிறார்கள்' என்று கட்டுப்போட்ட தலையோடு ஒரு வீடியோ வந்தால் நீங்கள் தூங்குவீர்களா? ஜெகதாப்பட்டினத்திலும் கோட்டைப்பட்டினத்திலும் வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருக்கும் ராத்திரியில், 'படகு மீது துப்பாக்கிச் சூடு' என்று ஒரு கார்டு வந்தால்? அந்தக் கார்டைச் செய்தவன் எங்கோ ஓர் அறையில் வியூஸ் எண்ணிக்கொண்டிருப்பான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவது நீங்கள்.

நம் மாவட்டமும் பட்டிருக்கிறது. 2019 ஏப்ரலில் நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு முடிந்த கையோடு பொன்னமராவதியில் என்ன நடந்தது, மறந்துவிட்டீர்களா? ஒரே ஒரு வாட்ஸ்அப் ஆடியோ. ஒரு சமூகத்துப் பெண்களை இழிவாகப் பேசும் குரல். அது எந்தப் பத்திரிகையிலும் வந்ததில்லை, எந்த டி.வி.யும் சொன்னதில்லை. போனிலிருந்து போனுக்குப் போனது, அவ்வளவுதான். காவல் நிலையத்தின் மேல் கல் விழுந்தது. போலீஸ் வண்டிகள் உடைந்தன. கடைகள் மூடின. 144 தடை உத்தரவு போட்டார்கள். பேசியவர்களைவிட அதிகம் கஷ்டப்பட்டது அதைக் கேட்டுக் கொதித்துத் தெருவுக்கு வந்த பையன்கள்தான். வழக்கு அவர்கள் மேல் விழுந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொல்லவே மனசு வரவில்லை, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

2018-இல் பிள்ளை பிடிக்கும் கும்பல் சுற்றுகிறது என்று வீடியோ வந்ததே, உங்களுக்கும் வந்திருக்கும். பைக்கில் வந்த இருவர் தெருவில் விளையாடும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது பாகிஸ்தானில் கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். நடித்தது! கடைசியில் பிள்ளையைத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, 'பிள்ளைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று ஓர் அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். வெட்டியதும் விளம்பரம் செய்தியாகிவிட்டது. இது மாதிரி வீடியோக்களும் ஆடியோக்களும் ஊர் ஊராகப் பயத்தை விதைத்திருந்த அந்த மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்கு வழி கேட்டு நின்ற ஒரு குடும்பத்தை ஊரே சேர்ந்து அடித்தது. வண்டியில் வந்தவர்கள் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். அதுதான் குற்றம். 65 வயது அம்மா ஒருவர் செத்தே போனார். ஊர் ஆட்கள் கூட்டம் கூட்டமாகக் கைதானார்கள்.

குலதெய்வம் கும்பிட வெளியூரிலிருந்து கார் வராத ஊர் நம் மாவட்டத்தில் உண்டா? சொல்லுங்கள்.

'கேலிக்குப் போட்டது, இதில் என்ன ஆபத்து?' என்று சில தம்பிகள் கேட்கிறார்கள். கண்ணுகளா, கேலிப் பொய்தான் அதிகம் ஏமாற்றுகிறது. 2009-இல் பங்களாதேஷில் இரண்டு நாளிதழ்கள், 'நான் நிலவில் இறங்கவே இல்லை' என்று நீல் ஆம்ஸ்ட்ராங்கே ஒத்துக்கொண்டதாகச் செய்தி போட்டன. எடுத்த இடம் 'தி ஆனியன்' என்ற அமெரிக்க நையாண்டிப் பத்திரிகை. சிரிப்பதற்கு எழுதியதை நிஜமென்று நம்பிப் போட்டுவிட்டு, மன்னிப்புக் கேட்டார்கள். படித்து, டிகிரி வாங்கி, செய்தி மேஜையில் உட்கார்ந்திருந்தவர்களே ஏமாந்திருக்கிறார்கள். நூறு நாள் வேலையில் மரத்தடியில் உட்கார்ந்து போன் பார்க்கும் நம் அக்காவுக்கு அது கேலி என்று எப்படித் தெரியும்? நீங்கள் செய்யும் கார்டில் மூலையில் பொடி எழுத்தில் 'நகைச்சுவைக்காக மட்டும்' என்று இருக்கும். மூன்றாவது குரூப்புக்குப் போகும்போது அந்த மூலை இருக்காது. யாராவது வெட்டியிருப்பார்கள்.

உஷார்! பெரிய பத்திரிகை என்பதும் முழுக் காப்பு இல்லை. 1980-இல் 'வாஷிங்டன் போஸ்ட்' ஒரு கட்டுரை போட்டது. எட்டு வயதுப் பையன், கையில் ஊசித் தழும்பு, ஹெராயினுக்கு அடிமை. படித்தவர்கள் துடித்துப்போனார்கள். போலீஸ் நகரம் முழுக்க அந்தப் பையனைத் தேடியது. கிடைக்கவில்லை. இருந்தால்தானே கிடைப்பான்! எழுதிய நிருபர் ஜேனட் குக் மொத்தமும் கற்பனையாகச் செய்தது. அந்தக் கட்டுரைக்கு 1981-இல் புலிட்சர் பரிசு வந்தது, சில நாட்களிலேயே குட்டு உடைந்து பரிசைத் திருப்பிக் கொடுத்தார்கள். நம் நாட்டில் 2016 நவம்பரில் புது 2000 ரூபாய் நோட்டுக்குள் சிப் இருக்கிறது, பூமிக்கு அடியில் புதைத்தாலும் சாட்டிலைட் கண்டுபிடிக்கும் என்று பெரிய இந்திச் சேனல்களே விளக்கம் கொடுத்தன. ரிசர்வ் வங்கி மறுத்தது.

இதனால் பத்திரிகைக்காரர்கள் எல்லாரையும் சந்தேகப்படச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். புதுக்கோட்டை பத்திரிகை வளர்த்த ஊர். முருகு சுப்பிரமணியன் 'பொன்னி'யை நடத்தியது இங்கிருந்து. இளவயதில் கண்ணதாசன் 'திருமகள்' இதழில் வேலை பார்த்தது இங்கே. கஜா புயல் அடித்த 2018 நவம்பரில், கீரமங்கலம், கொத்தமங்கலம் பக்கம் கரண்டும் டவரும் இல்லாமல் தென்னையெல்லாம் சாய்ந்து கிடந்தபோது, நம் கஷ்டத்தை வெளியுலகத்துக்குக் கொண்டுபோனது வேர்க்க விறுவிறுக்க அலைந்த உள்ளூர் நிருபர்கள்தான். அவர்கள் சோற்றிலும் மண் போடுகிறது இந்தப் பொய்க் கூட்டம்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? நான் பார்க்கச் சொல்லும் அபாய அறிகுறிகள் இவை.

ஊர் பெயர் இல்லை. தேதி இல்லை. 'புதுக்கோட்டை அருகே ஒரு கிராமத்தில்' என்று மட்டும் இருக்கிறது. எந்தக் கிராமம்? எந்தக் காவல் நிலையம்? சொல்ல முடியாதவன் பார்த்து எழுதவில்லை.

'டெலிட் பண்றதுக்குள்ள பாருங்க', 'எல்லா மீடியாவும் மறைக்குது', 'உண்மையான தமிழன் ஷேர் செய்வான்'. இப்படி அவசரப்படுத்தினால், ரோஷத்தைக் கிளப்பினால், அங்கேயே நிறுத்துங்கள். நிஜச் செய்திக்கு உங்கள் ஷேர் தேவைப்படுவதில்லை.

நியூஸ் கார்டில் லோகோ சரியாக இருக்கும். எழுத்தைப் பாருங்கள். அந்த டி.வி. வழக்கமாகப் போடும் எழுத்தா? ஒற்றுப் பிழையும் சந்திப் பிழையுமாக இருக்கிறதா? தேதி இருக்கும் இடத்தை வெட்டியிருக்கிறார்களா? உடனே அந்தச் சேனலின் சொந்தப் பக்கத்துக்குப் போங்கள். அங்கே அந்தக் கார்டு இல்லாவிட்டால் அது அவர்களுடையது இல்லை. தங்கள் லோகோவைத் திருடியவர்களைப் பற்றி 'இது போலி' என்று சேனல்களே அடிக்கடி அறிவிப்புப் போடுகின்றன. அதையும் அங்கேயே பார்க்கலாம்.

வாட்ஸ்அப்பில் மெசேஜுக்கு மேலே இரட்டை அம்புக்குறி இருக்கிறதா? அது கை மாறிக் கை மாறி உங்களிடம் வந்தது என்று அர்த்தம். அனுப்பிய மச்சானுக்கும் அதைப் பற்றி ஒன்றும் தெரியாது.

குற்றம் சாட்டப்பட்டவர் என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட இல்லை. இது பெரிய அறிகுறி. டெல்லி டீச்சரிடம் ஒரு வார்த்தை நேர்மையாகக் கேட்டிருந்தாலே அந்தக் கதை நின்றிருக்காது.

படிக்கும்போதே ரத்தம் கொதிக்கிறதா? கண்ணீர் வருகிறதா? அப்போதுதான் அதிக ஜாக்கிரதை வேண்டும். உங்களைக் கொதிக்கவைக்கத்தான் அதைச் செய்தார்கள்.

இன்னொரு ஆபத்து நேராக வீட்டு வாசலுக்கே வருகிறது. பைக்கில் 'PRESS' என்பதைத் தமிழில் 'பிரஸ்' என்றோ 'ஊடகம்' என்றோ ஒட்டிக்கொண்டு வருவார்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கும். கடையில் கலப்படம், கட்டடத்துக்கு அனுமதி இல்லை, குவாரியில் விதிமீறல் என்று ஏதாவது சொல்லி போனில் படம் எடுப்பார்கள். 'செய்தி போட்டா உங்க பேரு போயிடும், பார்த்துக்குங்க' என்பார்கள். பார்த்துக்கொள்வது என்றால் பணம். கொடுக்காதீர்கள்! ஒருமுறை கொடுத்தால் அடுத்த மாதமும் வருவார்கள், ஆளையும் கூட்டிவருவார்கள். எந்த நிறுவனம், ஆசிரியர் யார், அலுவலக எண் என்ன என்று கேளுங்கள். அந்த எண்ணுக்கு அவர் எதிரிலேயே போன் போடுங்கள். போலிப் பத்திரிகையாளர்கள் தொல்லை அவ்வளவு பெருகியதால்தான், இவர்களைக் கட்டுப்படுத்தத் தமிழ்நாட்டுக்கென ஒரு பத்திரிகைக் கவுன்சில் அமைக்க வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

அடுத்து நான் சொல்வது உங்கள் பிள்ளைகள் கட்டாயம் கேட்க வேண்டியது.

'நான் எழுதலையே, ஃபார்வேர்டு தானே பண்ணேன்' என்று தப்பிக்க முடியாது!

நடிகரும் முன்னாள் எம்.எல்.ஏ.வுமான எஸ்.வி.சேகர், பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் ஒரு பதிவை 2018-இல் ஃபேஸ்புக்கில் பகிர்ந்தார். வேறு யாரோ எழுதியது. பிறகு நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். வழக்கு விடவில்லை. கண்ணில் மருந்து போட்டிருந்ததால் படிக்காமல் பகிர்ந்துவிட்டார் என்று அவர் தரப்பில் உச்ச நீதிமன்றம் வரை போய்ச் சொன்னார்கள். எடுபடவில்லை. 2024 பிப்ரவரியில் ஒரு மாதச் சிறைத் தண்டனையும் 15,000 ரூபாய் அபராதமும் தீர்ப்பானது. பெரிய வக்கீல் வைக்க முடிந்தவருக்கே இந்தக் கதி. கறம்பக்குடியிலிருந்து கோர்ட்டுக்கு பஸ் ஏறும் நம் பையனுக்கு யார் இருக்கிறார்கள்? பாஸ்போர்ட் எடுக்கப் போனால் போலீஸ் விசாரணை வரும். வெளிநாட்டு வேலை கனவாகவே நின்றுவிடும். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 353-ஆம் பிரிவைக் கேட்டுப் பாருங்கள். பீதியையும் பகையையும் கிளப்பும் பொய்த் தகவலை உருவாக்குவது மட்டுமல்ல, பரப்புவதும் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை.

குரூப் அட்மின்களே, மகளிர் குழுத் தலைவிகளே, உங்கள் குரூப்பில் சந்தேகமான கார்டு வந்தால் பேசாமல் இருக்காதீர்கள். போட்டவரைக் கூப்பிட்டு, 'அக்கா, இது எங்கிருந்து வந்தது?' என்று தன்மையாகக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் நீக்குங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

சரிபார்க்க இடங்கள் இருக்கின்றன. தமிழ்நாடு அரசு 2023-இல் தொடங்கிய தகவல் சரிபார்ப்பகம் இருக்கிறது. 'யூடர்ன்' மாதிரி தமிழிலேயே பொய்ச் செய்திகளைப் பிரித்துக் காட்டும் தளங்கள் இருக்கின்றன. படம் பழையதா என்று கூகுள் லென்ஸில் போட்டால் காட்டிவிடும், வீட்டில் ஒன்பதாவது படிக்கும் பிள்ளையிடம் கேளுங்கள், செய்துகாட்டும். பொய்ச் செய்தி உங்களைப் பற்றியே வந்துவிட்டதா? அழுதுகொண்டு உட்காராதீர்கள், பதிலுக்குச் சண்டைக்கும் போகாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். தேதி, நேரம், எந்த எண், எந்தக் குரூப் என்று எழுதிவையுங்கள். மாவட்ட சைபர் கிரைம் போலீசில் புகார் கொடுங்கள். அச்சில் வந்த நாளிதழ் என்றால் முதலில் ஆசிரியருக்கு எழுத்தில் மறுப்பு அனுப்புங்கள், அவர் கண்டுகொள்ளாவிட்டால் இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலுக்குப் போகலாம். இரண்டு மாதத்துக்குள் போக வேண்டும். தள்ளிப்போடாதீர்கள்.

1990-களின் தொடக்கத்தில் இந்த மாவட்டத்துப் பெண்கள் அறிவொளி இயக்கத்தில் சேர்ந்து, ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் இருந்த காலம். குவாரியில் கல் உடைத்தவர்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டு மாவட்டத்தையே திரும்பிப் பார்க்க வைத்தார்கள். அந்த அம்மாக்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று ஒரு நொடியில் ஃபார்வேர்டு அழுத்துகிறார்கள். பாட்டி அவ்வளவு கஷ்டப்பட்டுக் கற்ற எழுத்தை, பேரன் முழுதாகப் படிக்காமலே தள்ளிவிடுகிறான். பாட்டிகளே, நீங்கள் சொன்னால் கேட்பான். சொல்லுங்கள்.

இன்று ராத்திரியும் ஏதாவது வரும். அனுப்பாதீர்கள். அது எந்த ஊர் என்று பாருங்கள். அந்த ஊரில் உங்களுக்குத் தெரிந்த ஒரே ஒருவருக்குப் போன் போட்டு, 'அங்கே என்னப்பா நடக்குது?' என்று கேளுங்கள். கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள்.